காலி என்று நினைத்த பக்கம்

தாம்பரம் மேற்கில், சண்முகம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வேதா ரெக்கார்டிங் சென்டர் வாசலில், தொண்ணூற்றைந்தாம் வருடம் டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கேசட் வெளியானது. வெளியானது என்றதும் மேடை, மைக், பொன்னாடை என்று கற்பனை செய்துவிட வேண்டாம். கடைக்காரர் வேதாசலம் டேப் டெக்குக்கு ஒரு முழம் கதம்பம் சுற்றி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார். அவ்வளவுதான் விழா. வந்திருந்தவர்கள் பதினோரு பேர். அதில் மூன்று பேர் கேசட்டில் பாடி வாசித்தவர்கள். இரண்டு பேர் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வந்து, தேங்காய்ச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர்கள்.

கேசட்டின் பெயர் 'அடுத்த வண்டி'. குழுவின் பெயர் 'சானடோரியம்'. பெயர் வைத்தது கித்தார் வாசித்துப் பாடுகிற அருள்மேரி. பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் அவள் டைப்பிஸ்ட். தினமும் காலையில் மின்சார ரயில் சானடோரியம் நிலையத்தில் நிற்கும்போது, மஞ்சள் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அவளுக்கு ஏனோ கண்ணைச் சொருகிக்கொண்டு சுகமாக வரும். அவளுடைய அப்பா ஏசுபாதம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். பெயரைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"டி.பி. ஆஸ்பத்திரி பேரையா வெப்பாங்க? கேக்கறவன்லாம் இருமிக்கினே கேக்கவா?"

அவர்கள் வாசித்தது சினிமாப் பாட்டும் இல்லை, சர்ச் பாட்டும் இல்லை. பொத்தேரி காலேஜ் ஹாஸ்டல் பையன்கள் அதை ஆல்டர்நேட்டிவ் ராக் என்றார்கள். வேதாசலம் அதைக் கரகரப் பாட்டு என்றார். கித்தார் கரகரவென்று மேகம் மாதிரி மூடிக்கொண்டு வரும். அதற்குள்ளே எங்கேயோ அருள்மேரியின் குரல், பக்கத்து வீட்டு ரேடியோ போலத் தமிழில் கேட்கும். தமிழில் இப்படிப் பாடுவதா என்று இங்கிலீஷ் பாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். இதெல்லாம் பாட்டா என்று தமிழ்ப் பாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நடுவில் இந்த மூன்று பேரும் ஒன்றரை வருடமாக ஞாயிறு தவறாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

டிரம்ஸ் வாசித்தவன் சுவிசேஷமுத்து. சர்ச்சில் கொயருக்கும் கல்யாணத்தில் பேண்டுக்கும் வாசித்துப் பழகிய கை. பாஸ் கித்தார் வாசித்தவன் குப்புராஜ். மாடம்பாக்கத்துக்காரன். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தைச் சதுரம் சதுரமாகக் கல் நட்டு விற்றுக்கொண்டிருந்த சுப்பராயலுவின் ஒரே பிள்ளை. அதிகம் பேசமாட்டான். கண்ணை மூடிக்கொண்டு நாலே கம்பியில் தடதடவென்று தரையை நடுங்க வைப்பான். அந்த நடுக்கம் செருப்பு வழியாக ஏறி வந்தால்தான் அருள்மேரிக்குப் பாட்டு வரும்.

அவனுடைய அக்கா புருஷன் மஸ்கட்டில் கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். ஜனவரியில் குப்புராஜும் அங்கே போக வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பாஸ்போர்ட்கூட வந்துவிட்டது.

அருள்மேரியின் கணக்கு வேறு. இந்தக் கேசட் நாலு பேர் வாயில் அடிபட்டுவிட்டால், ஒரு பேப்பரில் நல்லபடியாக ஒரு வரி வந்துவிட்டால், அவன் போகமாட்டான். இருந்துவிடுவான். அவன் இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த டிசம்பரில் அவளுக்கு வேறு ஆசையே இல்லை. அதை அவனிடம் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. மைக் முன்னால் நின்றால் ஊரையே கூப்பிடுவாள், இவன் முன்னால் நின்றால் "டீ சாப்பிட்டியா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எழும்பாது.

கேசட்டைப் பதிவு செய்தது நவம்பர் கடைசி ஞாயிறு. கடைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை. அங்கேதான் வேதாசலம் மைக் எல்லாம் வைத்திருந்தார். காலையில் ஆரம்பித்தது மத்தியானம் ஒன்றரைக்கு முடிந்தது. நாலு பாட்டு, பத்தொன்பது நிமிடம். முடிக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. வேதாசலம் குடையை விரித்துக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனார். கித்தாரை நனைத்துக்கொண்டு போக முடியாதே என்று இவர்கள் மூன்று பேரும் அங்கேயே ஜமுக்காளத்தில் சாய்ந்தார்கள். மழை விட்டதும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

கேசட் மொத்த விலையில் வாங்கிய நாற்பது நிமிடக் கேசட். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம். நாலு பாட்டும் முதல் பக்கத்தில் கச்சிதமாக அடங்கிவிட்டன. இரண்டாவது பக்கத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். இருநூறு பிரதி. அட்டையில் மூன்று பேரின் பெயரும் மங்கலான ஒரு ஜெராக்ஸ் போட்டோவும்.

அந்த இரண்டாவது பக்கம் காலி என்று நம்பியவர்கள் இந்த உலகத்திலேயே மூன்று பேர்தான். பாவம், அந்த மூன்று பேரும் அதைப் போட்டவர்கள். மற்றவர்கள் எல்லாரும் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். காசு கொடுத்து வாங்கிய கேசட்டை யார்தான் திருப்பிப் போடமாட்டார்கள்? நாலு பாட்டையும் நானூறு தடவை வாசித்து அலுத்துப்போன இந்த மூவர் மட்டும் கேசட்டைத் தொடவே இல்லை.

முதலில் வந்தது ஒரு கல்லூரிப் பெண். மூன்றாவது பிளாட்பாரத்தில் அருள்மேரியை வழிமறித்தாள். "அக்கா, நீங்கதானே சானடோரியம்? செகண்ட் சைடு கேட்டு நான் அழுதுட்டேன்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அருள்மேரிக்குச் சுருக்கென்றது. செகண்ட் சைடில் என்ன இருக்கிறது அழ? முதல் பக்கத்தைக் கேட்ட கஷ்டம் தீர்ந்த ஆனந்தக் கண்ணீரா? இந்தக் காலத்துப் பெண்களுக்கு வாய் அதிகம் என்று நினைத்துக்கொண்டு, ஒப்புக்குச் சிரித்து வண்டி ஏறினாள்.

அடுத்த ஞாயிறு பொத்தேரியிலிருந்து இரண்டு பையன்கள் கடைக்கு வந்தார்கள். ஹாஸ்டலுக்கு முப்பது கேசட் வாங்கிப் போனவர்கள். அதில் கண்ணாடி போட்டவன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"அக்கா, ஃபர்ஸ்ட் சைடு ஓக்கே. ஆனா அந்த செகண்ட் சைடு... அப்படி ஒரு ஐடியா எப்படி வந்துது உங்களுக்கு?"

"வந்துது" என்றாள் அருள்மேரி.

"தைரியம் வேணும்கா அதுக்கு. ஹாஸ்டல்ல லைட்டெல்லாம் அணைச்சிட்டு சும்மா படுத்துக்கிட்டு கேக்கறாங்க."

வெறும் டேப் ஓடுவதை இருட்டில் படுத்துக் கேட்டு, பாட்டைவிட இது பரவாயில்லை என்று கிண்டல் செய்து சிரித்திருக்கிறார்கள். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. முகம் சிவந்துவிட்டது. பையன்கள் போனதும் சுவிசேஷமுத்துவிடம் சொன்னபோது அவனும் கொதித்தான். "நேரா வந்து கலாய்ச்சிட்டு போறானுங்க பாரு. இன்னொரு வாட்டி வரட்டும், ஸ்டிக்காலயே போடறேன்."

குப்புராஜ் மட்டும் பாஸ் கித்தாரை உறையில் போட்டுக்கொண்டு ஒதுங்கிக்கொண்டான். கொஞ்ச நாளாகவே அவன் அப்படித்தான் இருந்தான். வாசிக்கும்போது அவள் பக்கம் திரும்புவதில்லை. டீ குடிக்கப் போனால் முத்துவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்வான். ஊருக்குப் போகிறவன், மனசு அங்கே போய்விட்டது என்று அவள் நினைத்தாள். நினைத்துவிட்டு ராத்திரி தலையணையை நனைத்தாள் என்பதையும் மறைப்பானேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நகரத்து ஆங்கிலப் பேப்பர் ஒன்றின் இணைப்பில் நாலு வரி வந்தது. அவள் எதிர்பார்த்துத் தவம் கிடந்த நாலு வரி. ஆபீஸ் மேனேஜரின் மேஜையிலிருந்து எடுத்து, டைப்ரைட்டருக்குப் பின்னால் மறைத்துவைத்துப் படித்தாள். பாட்டுகள் சுமார். கித்தார் இரண்டு இடத்தில் சுருதி விலகுகிறது. பாடகி சில வார்த்தைகளை முழுங்குகிறார். ஆனால் கேசட்டைத் திருப்பிப் போடுங்கள். இந்த வருடம் இந்த நகரத்தில் வந்த மிக அழகான இருபது நிமிடம் அங்கே இருக்கிறது.

அச்சடித்தே கிண்டல் செய்துவிட்டார்கள்.

அவள் அதை வெட்டி எடுத்து மாலையில் குப்புராஜிடம் காட்டினாள். சண்முகம் சாலை முழுக்க நட்சத்திர விளக்குகள் தொங்கின. அவன் இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தான்.

"நாம வாசிக்காம இருந்தாத்தான் ஜனங்களுக்குப் பிடிக்குது போல."

"உனக்குச் சிரிப்பா இருக்கா?"

"விடு மேரி. டிக்கெட் போட்டாச்சு. ஜனவரி பதினெட்டு" என்றான். சொல்லிவிட்டு நட்சத்திரங்களைப் பார்த்தான்.

அவளுக்கு மனசு விட்டுப் போயிற்று. எதை நம்பி இந்தக் கேசட்டைப் போட்டாளோ அது நடக்கவில்லை. போதாததற்கு ஊர்ச் சிரிப்பு வேறு. மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக வேதாசலத்தின் கடைக்குப் போனாள். ஆத்திரத்தை எங்கேயாவது கொட்ட வேண்டுமே.

வேதாசலம் இரண்டாம் தடவைக்கு இன்னும் நூறு கேசட்டை அடுக்கி வைத்திருந்தார். முதல் இருநூறும் காலியாகிவிட்டது. அதையே அவரால் நம்ப முடியவில்லை.

"அண்ணா, இந்த தடவையாவது செகண்ட் சைடுல 'காலி'ன்னு எழுதிடுங்க. வெறும் டேப்பை வித்துட்டோம்னு ஊரெல்லாம் சிரிக்கறாங்க."

வேதாசலம் கேசட்டைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் உண்மையாகவே அடிபட்ட வருத்தம் தெரிந்தது.

"வெறும் டேப்பா? யார்மா சொன்னது? இருபது வர்சமா கட வச்சிக்கினு கீறேன். ஒருத்தனுக்கு வெறும் டேப்பு குடுத்திருப்பேனா? பாட்டு தீந்து ஒரு நிமிசம் மிச்சம் இருந்தாலே நம்மள்து ஒண்ணு போட்டு ரொப்பித்தான் குடுப்பேன். காலியா வுட்டா கஸ்டமரு கேசட்ட மூஞ்சிலியே வுட்டு அடிப்பான்."

அது உண்மைதான். பாட்டுப் பட்டியலோடு வருகிறவனுக்குக் கேசட்டின் கடைசி அங்குலம் வரைக்கும் நிரப்பிக் கொடுப்பது அந்தத் தொழிலின் மரியாதை. காய்கறி வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவது போல, கேட்காமலே போடுவார். போட்டதைச் சொல்லவும் மாட்டார்.

"அப்ப என்ன போட்டீங்க?" என்றாள்.

"சினிமா பாட்டு போட்டா நீ கோச்சிக்குவே. அன்னிக்கு நான் துன்னப் போனப்போ மிஷின நிறுத்தாம போய்ட்டேன். நடு மைக்கு ஓடிக்கினே இருந்திருக்குது. கேட்டுப் பாத்தேன், மழ. ஷீட்டு மேல சோன்னு... நல்லா இருந்துச்சி. நம்ம ரூம்பு மழதானே, உங்க மழதானேன்னு அதையே போட்டு ரொப்பிட்டேன்."

"முழுசாக் கேட்டீங்களா?"

"மொதல்ல ரெண்டு நிமிசம் கேட்டேன். மழையில இன்னாம்மா முழுசு?"

அவர் ஒரு கேசட்டை டெக்கில் திருப்பிப் போட்டு, ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டார்.

முதலில் மழை மட்டும்தான். ஆஸ்பெஸ்டாஸ் மேல் பெய்யும் மழை. கேட்கக் கேட்க அது பெய்கிற மாதிரியே இல்லை, யாரோ பெரிய துணியை மெதுவாக உதறிக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது. வெளியே டிசம்பர் வெயில். ஹெட்போனுக்குள் நவம்பர் ஈரம். தூரத்தில் மின்சார ரயிலின் ஹாரன் நீளமாக வந்து கரைந்தது. சுவிசேஷமுத்து விரலால் சுவரில் தாளம் தட்டுவது கேட்டது. அதற்கும் கீழே, தரைக்குப் பக்கத்தில், குப்புராஜின் குறட்டை. கரடுமுரடான குறட்டை. இழுத்து, சிக்கி, கடைசியில் சின்னதாக ஒரு விசில், பிறகு இரண்டு மூச்சுக்கு ஒன்றுமே இருக்காது. அவன் பாஸ் வாசிப்பதைவிட அதில் விஷயம் இருந்தது. அருள்மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஒரு பெண் குரல் முனகத் தொடங்கியது. வார்த்தை இல்லை. ம்ம்ம் என்று ஒரு ராகம், மழையோடு போய் மழையோடு திரும்பியது. யார் இவ்வளவு நன்றாகப் பாடுகிறார்கள் என்று அவள் ஒரு கணம் யோசித்தாள். அது தன்னுடைய குரல் என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. பாடியதே நினைவில்லை. மைக் இல்லை, கேட்பார் இல்லை என்ற நினைப்பில் தொண்டை தானாக வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. வெகு நேரம் அது போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடை, சந்து, வேதாசலம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"மேரி" என்றது சுவிசேஷமுத்துவின் குரல், காதுக்குள்ளேயே. "அவன் போறது கன்ஃபார்மா?"

"ஜனவரில."

"குப்புகிட்ட சொல்லிட்டியா?"

"என்னத்த?"

"சும்மா நடிக்காத. எனுக்குத் தெரியாதா?"

மழை. மழை. பிறகு அவள் குரல், மிகவும் மெதுவாக.

"எனக்கு குப்புவைப் பிடிச்சிருக்கு முத்து. சொல்லி என்ன ஆகப்போகுது? ஆனா ஒண்ணு. அவன் போயிட்டான்னா நான் பாடமாட்டேன். அவன் பக்கத்துல நின்னாத்தான் எனக்குப் பாட்டே வருது."

ஹெட்போனைப் பிய்த்து எறிய அவள் கை எழுந்தது. இருநூறு கேசட். பொத்தேரி ஹாஸ்டல். பிளாட்பாரத்தில் கையைப் பிடித்து அழுத பெண். பேப்பரில் எழுதியவர். தாம்பரம் பூராவும் தன் நெஞ்சைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கிறது. இங்கிதம் தெரிந்தவர்களாக ஒருவர்கூட அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. வெட்கம் காது வரைக்கும் சுட்டது.

ஆனால் கை பாதியில் நின்றுவிட்டது. ஏதோ ஒன்று குறைந்திருந்தது. மழை இருந்தது. முத்துவின் விரல் தாளம் இருந்தது. குறட்டை இல்லை.

டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். 'குப்புகிட்ட சொல்லிட்டியா?' என்று முத்து கேட்கும் இடத்தில் குறட்டை சட்டென்று நின்றது. அவள் பேசி முடிக்கும்வரை இல்லை. முடித்த பிறகும் இல்லை. ஒரு முழு நிமிடம் கழித்து மீண்டும் ஆரம்பித்தது. இப்போது சிக்கல் இல்லை, விசில் இல்லை. கடிகாரம் போல, ஒரே அளவாக, ஒழுங்காக இழுத்து விட்டான்.

கேட்ட யாருக்கும் அது தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது. அவன் அன்றைக்கே கேட்டுவிட்டான்.

"இன்னாம்மா, அழுவுறே? மழ நல்லா இல்லியா?" என்றார் வேதாசலம்.

"நல்லா இருக்குண்ணா. ஆனா புதுசுல இது வேணாம். அழிச்சிடுங்க."

அன்று சாயங்காலமே மாடம்பாக்கம் ஏரிக்கரைக்கு அவனை வரச் சொன்னாள். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. அவன் மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு நீ தூங்கல."

எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. அதற்காக மட்டும் அவனை மன்னிக்கலாம்.

"தூங்கிட்டுத்தான் இருந்தேன். என் பேரு காதுல விழுந்துது, முழிப்பு வந்துடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் திரும்பக் குறட்டை விட்டேன்."

"ஏன் குப்பு?"

"முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா பதில் சொல்லணுமே."

அழுகை வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆறடி உயரம், கையில் ராட்சச கித்தார். ஒரு பெண்ணின் பேச்சுக்குப் பயந்து பொய்க் குறட்டை விட்டிருக்கிறான்.

"இப்ப முழிச்சுதானே இருக்கே. சொல்லு."

அவன் மொபெட் கண்ணாடியைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"எனக்கும் அப்படித்தான் மேரி. ஆனா வூட்ல போய் நின்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. எங்கப்பா கத்தினா தாங்கிடுவேன். அவர் கத்தமாட்டாரு. சாப்பிடாம சுவரைப் பார்த்து உக்காந்துடுவாரு. நான் பின்னாடி நின்னு பாஸ் வாசிக்கிறவன். முன்னாடி நிக்கிற ஆளு நீதானே."

'எனக்கும் அப்படித்தான்.' இந்த இரண்டு வார்த்தைக்காக ஒன்றரை வருடம் அவள் காத்திருந்தாள். வந்தபோது கூடவே ஓர் 'ஆனா' வந்தது. ஏரியில் நீர்க்கோழிகள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன. திட்ட வேண்டும் என்று நினைத்தாள். அவன் நின்ற நிலையைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவன்.

"ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஜனவரி பதினெட்டாம் தேதி அவன் போய்விட்டான். கித்தார் அலமாரி மேல் ஏறியது. சுவிசேஷமுத்து இரண்டு ஞாயிறு வந்து வாசலில் நின்று பார்த்தான். "பாட்டு வரல முத்து" என்றாள். அவன் மறுபடியும் சர்ச் கொயருக்கே வாசிக்கப் போனான். ஒரு நாள் ஏசுபாதம், "அந்த ஆஸ்பத்திரி பேர்ல ஒண்ணு வாசிப்பீங்களே, அத்த வாசிக்கறதில்லியா?" என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

வேதாசலம் பேஜாராகிப் போயிருந்தார். அழித்துவிட்டுப் போட்ட நூறில் அறுபது கேசட் திரும்பி வந்துவிட்டன. "மழ இல்லாத டிஃபெக்ட் பீஸ் குடுத்துட்டேன்னு சண்டைக்கு வரானுங்கம்மா. நான் இன்னா பண்ணட்டும்?" என்று வழியில் பார்த்தபோது கேட்டார். "என்னமோ பண்ணுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம். பல்லாவரத்தில் பெண்கள் பெட்டியில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிரே நாற்பது வயதுக்காரி ஒருத்தி, மடியில் டிபன் கூடை, விரல்களில் தோல் கம்பெனி ஊசி குத்திய கறுப்புத் தழும்புகள். பக்கத்தில் அவளோடு வேலை செய்கிறவர்கள் நாலைந்து பேர். வண்டி கிளம்பியதும் அவள் அருள்மேரியின் கழுத்து ஐடி கார்டில் பெயரைப் படித்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். மறுபடி கார்டைப் பார்த்தாள்.

"தே, நீதானே அந்த மழ கேசட்டு பொண்ணு?"

"ஆமாங்க்கா."

"எம் பேரு கன்னியம்மா. கிளவுஸ் கம்பெனியில கீறோம் நாங்க. எங்க மிஷின் ரூம்புல மத்தியான சோறு துன்னுட்டு டெய்லி அதான் போடுவோம். ஒரு கண்ணு தூங்கினாப்பல இருக்கும்." கூடையைத் தள்ளி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தாள். "அந்தப் புள்ள போய்ட்டானா?"

பெட்டி முழுக்கத் திரும்பியது. பூ தொடுத்துக்கொண்டிருந்தவள்கூடக் கையை நிறுத்திவிட்டாள்.

"போயிட்டான்க்கா."

"ச்சு. போவட்டும், கய்தே" என்றாள் கன்னியம்மா, பெற்ற பிள்ளையைத் திட்டுகிற உரிமையோடு. "நீ பாடறியா இல்லியா, அத்த சொல்லு. எங்க ரூம்புல இதுக்குப் பெரிய சண்டையே நடக்குது. அவ பாடமாட்டான்னு இவளுங்கல்லாம் சொல்றாளுங்க. போடி, அப்டித்தான் சொல்வா, பாடாம எங்க பூடுவான்னு நானு."

குரோம்பேட்டை வந்தது. சிலர் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள். எதிரே இருந்தவர்கள் மட்டும் கண்ணை எடுக்கவில்லை. நிறுத்திவிட்டேன் என்று சொல்லத்தான் அருள்மேரி வாயைத் திறந்தாள். அவர்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"எந்தப் பாட்டுக்கா உங்களுக்குப் பிடிக்கும்?" என்றாள்.

"பாட்டா? அதாம்மா, மழையில நீ மட்டும் போவியே, வாத்த இல்லாம. அதான்."

அதை அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள், அந்தக் கடையில், ஹெட்போனில். எப்படி ஆரம்பிக்கும்? ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு மெதுவாக முனகிப் பார்த்தாள். ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த தொண்டை. முதலில் காற்றுதான் வந்தது. பிறகு கொஞ்சம் பிடிபட்டது. மேலே போனது, அங்கேயே நின்றுவிட்டது.

"அய்ய, அப்டி இல்ல" என்றாள் கன்னியம்மா.

அருள்மேரி நிறுத்தினாள்.

"அங்க மேல போவாதும்மா. கீய எறங்கும். எறங்கி, கொஞ்சம் நின்னு, அப்பால போவும். தோ, இப்டி." கட்டைக் குரலில், கண்ணை மூடிக்கொண்டு, அவள் அதைப் பாடிக் காட்டினாள். எங்கே மூச்சு விட வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் சரியான இடத்தில் தலையாட்டினார்கள்.

சானடோரியம் வந்து போயிற்று. அருள்மேரி மறுபடி பாடினாள். மறுபடி அதே இடத்தில் தப்பியது. "இன்னொரு வாட்டி" என்றாள் கன்னியம்மா. மூன்றாம் தடவை குரல் இறங்கியது, நின்றது, போனது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்தால் ராகம் போய்விடும் என்று அவள் துடைக்கவில்லை. தாம்பரம் வருவதற்குள் அது முழுசாக வந்துவிட்டது.

கன்னியம்மா டிபன் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு மிஷின் ரூம்புல சொல்லிடறேன்" என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். "அவ பாடிட்டான்னு."